மூணு பேரு காட்டுது

மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுக்கிற இடத்தை மாடியில் வைத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும். நெஞ்சு வலிக்காரர்களும் முட்டி வலிக்காரர்களும் படியேறி வந்து சேர்ந்தால்தான் அட்டை, வந்து சேராதவர்களுக்கு அது தேவைப்படாது, கணக்குச் சரிதான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்திருக்கிறது. ஒரு கால் வளைந்தது, அசைந்தால் கிரீச்சென்று கத்துகிறது, அதனால் அசையாமல் இருக்கிறேன், அசையாமல் இருந்தால் மூச்சும் சொன்னபடி கேட்கிறது. இவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உட்காருங்கள் என்றால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்கிறார். தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி. அவர் வீட்டில் இருக்கிறார், நான் வேலைக்குப் போகிறேன், இந்த அறுபத்து மூன்றிலும் போகிறேன். பள்ளிக்கூடத்தில் இந்நேரம் எல்கேஜி பிள்ளைகளுக்கு இடைவேளை விட்டிருப்பார்கள். டிபன் டப்பா மூடியை யார் திறந்து கொடுப்பார்கள்? புது ஆயா நகம் வளர்த்திருக்கிறாள், மூடியைத் திறக்கச் சொன்னால் நகம் உடையும் என்பாள். ரேஷன் கார்டு வேலை என்று சொல்லித்தான் லீவு கேட்டேன். நெஞ்சு என்று சொல்லியிருந்தால் கரஸ்பாண்டெண்ட் அம்மா முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க ஆயாம்மா, முழு ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். அந்த முழு ரெஸ்ட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு முடிந்த அன்றைக்கு ஒரு சால்வை போட்டு, ஒரு குத்துவிளக்கு கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அதே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு அதே கக்கூஸைக் கழுவினேன். "உங்களை விட்டா புள்ளைங்க அழுவுது ஆயாம்மா" என்றார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் ரிஜிஸ்டரில் பெயர் இல்லை, இஎஸ்ஐ இல்லை, இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இல்லை. தாளைப் பொறுத்தவரை நான் குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அஞ்சு வருஷமாகிறது.

போன வாரம் விஏஓ கேட்டார், "ஏம்மா, வேலைக்குப் போறீங்களா?" நீலப் புடவையோடுதான் நின்றுகொண்டிருந்தேன், மார்பில் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட பட்டை வேறு. "ரிட்டயர்டு ஆயிட்டேன் சார்" என்றேன். அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன். பொய்யும் இல்லை அது. எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது, நான் வேலை செய்கிறேனா, இல்லை பழக்க தோஷத்தில் போய் வந்துகொண்டிருக்கிறேனா என்று. டாக்டர் பெண் சின்னப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, இரத்தம் போகிற வழி அடைபடுகிறது, மாற்ற வேண்டும். குக்கருக்குக்கூட வால்வு மாற்றியிருக்கிறேன். கடைக்காரன் ஒரு நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தான். "மாத்தலைன்னா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. "கார்டு எடுத்துட்டு வாங்கம்மா, கார்டு இருந்தா தேதி போட்டுடலாம். கனமா எதையும் தூக்காதீங்க." எல்கேஜி பிள்ளை கனமா? கனம்தான். போன மாசம் ஒரு பையன் காலில் ஈரத்தோடு வழுக்கி விழுந்து அழுதான், தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், பாதிப் படியில் கண் இருட்டியது. அவனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைத் தொட்டு, "ஆயாம்மா, தூங்குறியா?" என்றான். யாரும் பார்க்கவில்லை. அவனைக் கீழே போட்டிருந்தால்? போடவில்லை. போட்டிருந்தால்? இந்த நினைப்பு வந்தால் போவதில்லை, ராட்டினம் மாதிரி திரும்பத் திரும்ப அந்தப் படிக்கே வருகிறது, ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் அதிகமாக நழுவுகிறது. பயமாக இருக்கிறது. சாவதற்குப் பயமா என்று யாராவது கேட்டால் இந்த வயசில் என்ன பயம் என்றுதான் சொல்லுவேன், எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு இருக்க வேண்டும். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் இருக்க வேண்டும்.

கூப்பிட்டுவிட்டார்கள். "அஞ்சுகம், கோதண்டபாணி!" என்று அந்தப் பெண் சத்தமாக வாசித்ததும், கல்யாண மேடைக்கு அழைத்தது போல் இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கேமரா ஒன்று தலைக்கு மேல் வளைந்து நிற்கிறது. கண் திறந்திருக்க வேண்டுமாம், சிரிக்கக் கூடாதாம். சிரிப்பு எங்கே வருகிறது? அந்தப் பெண் ரேஷன் அட்டையின் எண்ணைத் தட்டியது, திரையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, எங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. "மூணு பேரு காட்டுதேம்மா. சுதாகர்னு ஒருத்தர், மகனா? அவர் வரலையா?" நான் இவரைப் பார்த்தேன். இவர் கேமராவைப் பார்த்தார். "வெளியூர்ல இருக்கான்" என்றேன். இந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை, பால்காரன் கேட்டாலும் சொந்தக்காரர்கள் கேட்டாலும் இதுதான், சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டது. "எப்ப வருவாரு? மூணு பேரும் வந்தாத்தான் பதிவு பண்ண முடியும். அவரு வருமானமும் சேத்துக் காட்டணும்." அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை, கன்னத்தில் ஒரு சின்னப் பருவோடு, எங்கள் பள்ளிக்கூடத்து மிஸ்களின் வயசில், மரியாதையாகத்தான் பேசியது. "வர மாட்டாருன்னா கீழ உணவு வழங்கல் செக்‌ஷன்ல போய் பேர நீக்கிட்டு வந்துடுங்கம்மா. ரெண்டு பேரு காட்டுச்சுன்னா இன்னைக்கே முடிச்சுத் தந்துடறேன். உங்களுக்குத்தான் அவசரம்னு டாக்டர் எழுதியிருக்காங்களே." இன்றைக்கே என்றது. ஏறி வந்த படி முழுக்க மறுபடி இறங்க வேண்டும், அப்புறம் மறுபடி ஏற வேண்டும், முதலில் அதுதான் தோன்றியது. சுதாகர் பெயர் நீங்கப்போகிறது என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. என்ன மனசு இது.

ஏழு வருஷமாகிறது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் தேவலை, அதையாவது நினைத்து அழலாம், இவரைத் திட்டலாம், என்னை அடித்துக்கொள்ளலாம். ஒன்றும் நடக்கவில்லை. ஏசி மெக்கானிக், ஐடிஐ படித்தவன், திருப்பூரில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றான், தயிர்சாதம் சாப்பிட்டான், பையை மாட்டிக்கொண்டான், குடையை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் ரிங் போனது, அப்புறம் அதுவும் போகவில்லை. அந்தக் கம்பெனியில் அப்படி ஒருவன் சேரவே இல்லை என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம், "வயசுப் பையந்தானம்மா, வந்துடுவான்" என்றார்கள். நான் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தக் குடையைத்தான். திரும்பி வராதவன் குடை எடுத்துக்கொண்டு போவானா? வீட்டில் இருந்தது ஒரே குடை. திரும்பி வருகிறவனாக இருந்தால் எங்களுக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டுப் போயிருப்பான் இல்லையா? ஆனால் அது மழைக்காலமே இல்லை. மழைக்காலம் இல்லாத போது குடை எடுத்துக்கொண்டு போகிறவன் மழைக்காலம் வரைக்கும் வர மாட்டோம் என்று தெரிந்து போயிருக்கிறான். சரி, மழைக்காலம் வரைக்கும்தானே? மழைக்காலம் முடிந்தால் வரலாமே? இப்படியே போகும், பாத்திரம் கழுவும்போது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தும்போது, எங்கே விட்டேனோ அங்கேயிருந்து. ரேஷன் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் ஒரு தடவை சொன்னார், பெயரை எடுத்துவிடுங்கள், பின்னால் சிக்கல் வரும் என்று. அன்றைக்கு இவர் கடை வாசலிலேயே கத்தினார், "எடுத்துட்டா அவன் வந்து எந்த வீட்டுல நிப்பான்? கார்டுல இருக்குறவந்தாய்யா வீட்டுல இருக்குறவன்!" பேசாத மனுஷன், ஒரு கைத்தையல் விட்டுப்போனதற்குக்கூடக் குரலை உயர்த்தாதவர். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை. அவன் பங்கு அரிசியையும் மாசாமாசம் வாங்குகிறோம். வாங்கி என்ன செய்கிறோம், நாங்கள்தான் சாப்பிடுகிறோம். அவன் பெயரில் வருகிற சோறு எங்கள் வயிற்றுக்குள் போகிறது, அதுவும் ஒரு உறவுதானே என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது.

கீழே உணவு வழங்கல் பிரிவில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒருவர் இருந்தார். மின்விசிறி அவர் பக்கம் மட்டும் ஓடியது. அட்டையைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சுதாகர், நீக்கணும். காரணம்?" என்றார் அவர். காரணம். ஏழு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பதை இந்த மனுஷன் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டார். "வெளியூர் போயிட்டான் சார்" என்றேன். "அது காரணம் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல மூணுதான் இருக்கு. இறப்பா, கல்யாணமா, தனிக்குடித்தனமா?" "இல்ல!" என்றார் இவர். எதற்கு இல்லை என்கிறார் என்று அந்த ஹாலில் யாருக்கும் புரிந்திருக்காது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். எனக்குப் புரிந்தது. முதலில் சொன்ன வார்த்தைக்கு. கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை, இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார். "பெரியவரே, நான் எதையும் போடல. நீங்க சொல்றதத்தான் போடுவேன். இறப்புன்னா அதுக்கான சர்டிபிகேட் வேணும். தனிக்குடித்தனம்னா அவரு வேற கார்டு வாங்கியிருக்கணும், அந்த நம்பர் வேணும். கல்யாணம்னா பத்திரிகை ஒண்ணு வெச்சாப் போதும்." "காணாமப் போனா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். ஏழு வருஷத்தில் வெளி ஆள் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை, போலீஸில்கூட இவர்தான் சொன்னார். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதுக்கு ஆப்ஷன் இல்லம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கோர்ட்டுக்குப் போகணும். ரொம்ப நாளாகும்." நாள். என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த டாக்டர் பெண் பதில் சொல்லாமல் விட்டதும் அதைத்தான்.

வெளியே வந்து மாமரத்தடியில் நின்றோம். மனுப் போடுகிறவர்களும் ஜெராக்ஸ் எடுக்கிறவர்களும் இடித்துக்கொண்டு போனார்கள். போகலாம், வீட்டுக்குப் போகலாம், மத்தியானத்துக்குள் போனால் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற நேரத்துக்காவது பள்ளிக்கூடம் போய்விடலாம், அரை நாள் சம்பளமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். அட்டை இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள். பாதிப் படியில் உட்கார்ந்து எழுந்தேனே, அது மாதிரி இன்னும் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்துவிடலாம். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எதுத்தாப்புல டிடிபி கடை இருக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "பத்திரிகைதான கேக்குறாரு. ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கிட்டா?" அதைச் சொன்னது இவர். ரேஷன் கடை வாசலில் கத்தியவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் பேர எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான..." என்று ஆரம்பித்தேன். "நீயும் போயிட்டா நான் யாரோட இருப்பேன்?" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் சொன்ன ஒரே காதல் வசனம், அதையும் மாமரத்து எறும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அழுகை வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாய் என்றால் சொல்லியிருப்பாள், என் உயிர் போனாலும் பிள்ளையின் பெயர் இருக்கட்டும் என்று மார்தட்டியிருப்பாள். என் வாயில் அது வரவில்லை. "ரோட்டப் பாத்துத் தாண்டுங்க, பஸ் வருது" என்றுதான் வந்தது. எனக்கு இருக்க வேண்டும் என்றேனே, அதற்கு விலை என்ன என்று அப்போது தெரியாது, இப்போது தெரிந்தும் ரோட்டைத் தாண்டுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடையில் ஒரு ஆள்தான், முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும், சுதாகர் வயசு. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் சுதாகர் வயசாகவே இருக்கிறது. ஒரே ஒரு பத்திரிகையா என்று கேட்டு ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன், ஆச்சரியப்படவில்லை, "ஆபீஸுக்கா? உக்காருங்கம்மா" என்று ஸ்டூலைத் தள்ளினான். வேறு யாருடைய பத்திரிகையையோ திரையில் திறந்தான். அதில் இருந்த மாப்பிள்ளையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான், அழிகிற அந்தப் பையன் எங்கேயோ பெண்டாட்டியோடு நன்றாக இருப்பான், இருக்கட்டும். அந்த இடத்தில் திருவளர்ச்செல்வன் சுதாகர் என்று வந்தது, பெரிய எழுத்தில், சிவப்பில், பக்கத்தில் பிள்ளையார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம் முழுக்கச் சந்தோஷம், பட்டுப்புடவை எடுக்க வேண்டுமே என்றுகூட மனசு ஓடிவிட்டது. "ஐடிஐன்னு பக்கத்துல போடுப்பா" என்றேன். போட்டான். "பொண்ணு பேரும்மா?" எனக்கு இப்போது தெரிந்த பெண் பெயரெல்லாம் நாலு வயசுப் பிள்ளைகளின் பெயர்கள், மற்றவர்கள் எல்லாம் மிஸ். நான் யோசிப்பதற்குள் இவர், "வசந்தா" என்றார். "யாருங்க வசந்தா?" என்றேன். "தெரியல. வாய்ல வந்துச்சு." அந்த நிலையிலும் எனக்குச் சுருக்கென்றது, யார் இந்த வசந்தா, எந்தக் காலத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் என்று. எப்பேர்ப்பட்ட பிறவி நான். வசந்தாவுக்கு அப்பா அம்மா, ஊர், எல்லாவற்றையும் அந்தத் தம்பியே பழைய பத்திரிகையில் இருந்தபடி விட்டுவிடுகிறேன் என்றான். நல்ல குடும்பம் போலிருக்கிறது, மணப்பாறைப் பக்கம். தேதியைப் போன தை மாசத்தில் போட்டான். நல்ல முகூர்த்தம்தான், அந்த நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு வேட்டி கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இது முடிந்தால் அவன் எங்கள் அட்டையில் இல்லை. வசந்தாவோடு வேறு எங்கேயோ குடித்தனம் இருக்கிறான். நாளைக்கே கதவைத் தட்டினால் இந்த வீட்டில் அவனுக்கு என்று ஒரு பிடி அரிசி கிடையாது, நாங்கள் போட்டால்தான் உண்டு. போடாமல் இருப்போமா? இருந்தாலும் அது வேறுதானே. தம்பி பத்திரிகையின் மேல் பக்கத்துக்குப் போனான், பேரன் பேத்தி என்று தாத்தாக்களின் பெயர் வருகிற இடம். இவர் தன் அப்பா பெயரைச் சொன்னார், நான் என் அப்பா பெயரைச் சொன்னேன். இரண்டு பேரும் போய் எத்தனையோ வருஷமாகிறது. தம்பி அடித்துக்கொண்டே, திரும்பாமல், நாளெல்லாம் கேட்கிற கேள்வியாகக் கேட்டான், "இதுல யாராச்சும் காலமாயிட்டாங்களா? சொல்லுங்க, பேருக்கு முன்னாடி அமரர் போட்டுடலாம்." இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை மேலே தாத்தாக்களின் பெயரில் இல்லை. நடுவில், சிவப்பு எழுத்தில் இருந்தது. உதடு அசைந்தது, நான் அவர் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டார், "எங்களுக்குத் தெரியலையே தம்பி." தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பெரியவரே, உங்க அப்பா இருக்காரா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா?" நான்தான் சொன்னேன், "எல்லாரும் இருக்காங்க தம்பி. யாருக்கும் எதுவும் போடாத." அவன் சரி என்று அடுத்த வரிக்குப் போனான்.